புத்தூர் ஷெட்டுக்கு வந்த பழைய கார்கள்

கார் ரிப்பேர் தொழிலில், வண்டி என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன்னால் வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டு முடிக்க வேண்டும். அதற்கே பாதிக் காலை போய்விடும்.

நான் புத்தூரில் ஷெட் வைத்திருந்தது ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கு எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ வருவார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும்போது அவர்களைக் கூட்டிவந்த வண்டி முறிந்திருக்கும். என் தொழில் அப்படித்தான் நடந்தது. எஞ்சின் வேலை எனக்கு. கரண்ட் வேலை என் கூட்டாளி சங்கரய்யாவுக்கு. அவர் தெலுங்குக்காரர். கோபம் வந்தால் மட்டும் தமிழில் பேசுவார்.

பழைய கார் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பானெட்டைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களே, இது உங்களுக்காகத்தான். நீங்கள் பட்டது எல்லாம் நானும் பட்டேன். உங்களுக்காவது ஒரு வண்டி.

மாஸ்டர் வீட்டுக் கரும்புகை

நகரியில் வேலாயுதம் மாஸ்டர் என்று ஒருவர், முப்பது தறிகள் வைத்திருந்தார். அவருடைய கார் திடீரென்று கரும்புகை விட ஆரம்பித்தது. மேட்டில் ஏறாது. பெட்ரோலைக் குடித்துத் தள்ளும். நான் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தார். மறுபடி கழற்றினேன், மறுபடி வந்தார். மூன்றாவது தடவை அவருடைய முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "நீ அங்க வந்து பாரு ஏகாம்பரம், இங்க வந்தா நல்லாத்தான் ஓடுது" என்றார். பஸ் பிடித்து நகரிக்குப் போனேன்.

கார் நின்றிருந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. தறிக்கு நீளநூல், அதாவது பாவு, ஓட்டுகிற கொட்டகையின் ஓரத்தில், தறிக்கு நேர் எதிரே நிறுத்தியிருந்தார். மாஸ்டரின் சம்சாரம் கனகம்மா ஒரு துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி முழுக்கப் பஞ்சு. "தெனம் ரெண்டு வேளை தொடைக்கிறேன், மேல கீறது போவுது. உள்ள போறது எங்க போவுதுன்னுதான் தெரியல" என்றார், எதையோ யோசித்தபடி. அப்போதுதான் ஏர் கிளீனரைத் திறந்தேன். எஞ்சின் மூச்சு விடுகிற காற்று அந்த வலை வழியாகத்தான் போக வேண்டும். வலையைக் காணோம். எண்ணெயில் ஊறிய பஞ்சு கம்பளி மாதிரிக் கெட்டியாக அடைத்திருந்தது. காற்று போகாததால் பெட்ரோல்தான் அதிகம் போயிருக்கிறது, அதுதான் புகை. கார்புரேட்டரைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் அந்தக் கிளீனரைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். இரண்டு தடவையும் நான் அதைக் கழற்றி, திறக்காமலே ஓரமாக வைத்து, அப்படியே திருப்பி மாட்டியிருக்கிறேன். கீழே வைத்த அதிர்ச்சியில் பஞ்சு கொஞ்சம் விலகி, வண்டி ஒரு பத்து நாள் மூச்சு விட்டிருக்கிறது.

மண்ணெண்ணெயில் அலசி மாட்டினேன். முதல் சுற்றிலேயே புகையில்லாமல் எழுந்தது. நான் பிய்த்தெடுத்த பஞ்சுருண்டையைக் கனகம்மா கையில் வாங்கி, பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம தறியில கொறையிற நூலுக்கு ஆளுங்களைத் திட்டிக்கினு இருந்தோம், ஒரு பொடவைக்கு ஆவுறதை இது துன்னுட்டுக் கீது."

வக்கீலின் புதுப் பெயிண்ட்

சித்தூர் வக்கீல் ஒருவர். பெயர் வேண்டாம், அவர் பேரன்கள் இன்னும் அங்கேயே தொழில் செய்கிறார்கள். புது ராஜ்யம் வந்த சந்தோஷத்தில் தன் பழைய காருக்கு மேலிருந்து கீழ்வரை, அடிச்சட்டம்கூட விடாமல், புதுப் பெயிண்ட் அடித்தார். அன்றிலிருந்து காலையில் வண்டி கிளம்பாது. ஸ்டார்ட்டர் முனகும், நின்றுவிடும். பேட்டரி சரியில்லை என்று மாற்றினார். அதுவும் சரியில்லை என்று இன்னொன்று. மூன்றாவது பேட்டரியும் முனகியபோது, ஒரு கேஸ் தேதிக்கு நேரத்துக்குப் போக முடியாமல், அவருடைய கட்சிக்காரருக்கு எதிராக உத்தரவாகிவிட்டது. அதை மாற்ற அவர் படாதபாடு பட்டார். நாலு பேர் தள்ள, புத்தூர் வரைக்கும் எஞ்சினை அணைக்காமலே ஓட்டிக்கொண்டு வந்தார்.

சங்கரய்யா என்னை ஸ்டார்ட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு உள்ளே கையை விட்டார். அடுத்த நிமிஷம் "சூடு, சூடு" என்று கத்தினார். தெலுங்கில் அதற்குப் பார் என்று அர்த்தம். நான் தமிழன், சுடுகிறது என்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்த் தொட்டேன். உண்மையிலேயே சுட்டது. சோக் இழுக்கிற மெல்லிய கம்பி கை வைக்க முடியாத சூடு. இரண்டு மொழியிலும் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்ட் திரும்பிவர எர்த் பட்டை என்று ஒன்று உண்டு. அது சட்டத்தில் இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்க வேண்டும். பெயிண்ட் அடித்தவர் அதைக் கழற்றி, அடியில் நன்றாக இரண்டு பூச்சு அடித்து, அதன்மேல் அழகாகத் திருப்பி முடுக்கியிருந்தார். போக வழியில்லாத கரண்ட் சோக் கம்பி வழியாகப் போய்ப் பார்த்திருக்கிறது.

சங்கரய்யா ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, பட்டையை மாட்டினார். வண்டி தொட்டதும் எழுந்தது. வக்கீல் கொஞ்ச நேரம் அந்தச் சுரண்டிய இடத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு பேட்டரிக்குத் தண்டனை குடுத்துட்டேன், பெயிண்டைக் கூண்டுல ஏத்தி ஒரு கேள்வி கேக்கல."

ஏறிக்கொண்டே வந்த எண்ணெய்

இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அடுத்தவர் தவறை மட்டும் எழுதினால் நன்றாக இருக்காது.

புத்தூர் ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் காரைக் குழந்தையைப் போல வைத்திருப்பார். தினமும் எஞ்சின் எண்ணெய்க் குச்சியை எடுத்து, துடைத்து, விட்டு, பார்த்து, ஒரு நோட்டில் எழுதுவார். ஒரு நாள் சிரித்த முகத்தோடு வந்தார். "மூணு மாசமா ஒரு சொட்டு எண்ணெய் ஊத்தல. குறையவே இல்ல. கொஞ்சம் ஏறிகூட இருக்கு." கூட வந்திருந்த அவர் மகள் பத்மா, "அது எப்படி அண்ணா ஏறும்? யாரும் ஊத்தலையே" என்று என்னைக் கேட்டாள். குச்சியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "பெட்ரோல் வாசனை வருது" என்றும் சொன்னாள். நான் சிரித்தேன். "காருன்னா பெட்ரோல் வாசனை வராம மல்லிப்பூ வாசனையாம்மா வரும்?" என்றேன். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, திருப்பதி காலேஜில் பத்மாவுக்கு இன்டர்வியூ. அப்பாவும் மகளும் காரில் கிளம்பினார்கள். வடமாலப்பேட்டை தாண்டியதும் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். பேரிங் போய்விட்டது. பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் தோல் ஓட்டையாகி, பெட்ரோல் சொட்டுச் சொட்டாக எண்ணெயில் கலந்துகொண்டே இருந்திருக்கிறது. அதனால்தான் குறையவில்லை, அதனால்தான் ஏறியது. நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்கைக் காப்பாற்றாது. அவர்கள் வெயிலில் ரொம்ப நேரம் நின்று, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். எல்லாரும் போகும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்து, கடைசியில் உள்ளே போய் நடந்ததைச் சொன்னாளாம். கேட்டவர்கள் எண்ணெயில் பெட்ரோல் வாசனை வந்ததைப் பற்றியே இரண்டு கேள்வி கேட்டு, இடம் கொடுத்துவிட்டார்கள்.

இடம் கிடைக்காமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. எஞ்சினை இறக்கி, பேரிங் போட்டு, பம்புக்குப் புதுத் தோல் மாற்றி, காரை நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஹெட்மாஸ்டரிடம் தப்பு என் மேல்தான் என்றேன். அவர் பரவாயில்லை என்றார். பத்மா வாசலுக்கு வந்து, எண்ணெய்க் குச்சியை உருவி என்னிடம் நீட்டினாள். "அண்ணா, இந்தத் தடவை மோந்து பாத்துட்டு மூடுங்க."

மலையேற மறுத்த டாக்ஸி

திருப்பதியில் முனிரத்தினம் என்பவர் பழைய கார் ஒன்றை டாக்ஸியாக ஓட்டிக்கொண்டிருந்தார். கீழே எங்கு வேண்டுமானாலும் போகும். மலைப்பாதையில் நாலாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்துவிடும். பக்தர்கள் இறங்கி நிழலில் உட்காருவார்கள். சிலர் மிச்சத்தை நடந்தே போய்விடுவார்கள். என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். ரேடியேட்டரைக் கழற்றி அலசினேன். சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டை மாற்றினேன். விசிறி பெல்ட்டை இறுக்கினேன். என் ஷெட் வாசலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மலைக்குப் போனது, நாலாவது வளைவில் நின்றது.

கடைசியில் நானும் கூட ஏறினேன். மலையடிவாரம் அலிபிரியில் முனிரத்தினம் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, பெருமாள் படம் எழுதிய பெரிய தகரப் பலகை ஒன்றை எடுத்தார். அதை முன்னால் ரேடியேட்டரின் கம்பி வலைமேல் கட்டினார். அதற்குமேல் ஒரு ஆள் உயரச் சாமந்தி மாலை. காற்று நுழைய ஒரு விரற்கடை இடம் இல்லை. "இது எப்பவும் கட்டுவீங்களா?" என்றேன். "மலைக்குப் போவசொல்லோ மட்டும். கீழ எதுக்கு?" என்றார். படத்தை வண்டிக்கு மேலே, மாலையைப் பின்னால் மாற்றிக் கட்டலாம் என்று நான் சொன்னபோது அவருக்கு மனசே இல்லை. சவாரிக்கு வந்திருந்த கும்பகோணத்து அம்மாள் ஒருவர்தான், "மேல இருந்தா அவருக்கும் வழி நன்னாத் தெரியும், கட்டுப்பா" என்று தீர்த்துவைத்தார். ஒரே மூச்சில் மேலே போய்ச் சேர்ந்தோம். முனிரத்தினம் இறங்கி, ரேடியேட்டரை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. "ஒரு வருஷமா சாமிதான் என்னைச் சோதிக்கிறாருன்னு முடி குடுத்துக்கினு இருந்தேன்."

டாக்டரம்மாவும் பித்தளை மூடியும்

புத்தூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். தனியாள். சின்ன கார் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் பிரசவத்துக்குப் போவார். அந்தக் கார் ஐந்தாறு மைல் ஓடும், நின்றுவிடும். நான் போய்ப் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதி மாட்டுவேன். கிளம்பிவிடும். குழாயில் தூசி என்று நினைத்தேன். பிறகு பம்பு என்று நினைத்து அதையும் மாற்றினேன். ஒரு நாள் மத்தியானம் சத்தியவேடு பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்னப்பன் என்ற விவசாயி பஸ் பிடித்து ஓடிவந்தார். அவர் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து வலி, குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாளாம். டாக்டரம்மா அவரையும் ஏற்றிக்கொண்டு நேரே என் ஷெட்டுக்கு வந்தார். "நீயும் ஏறு ஏகாம்பரம். நடுவுல நின்னா நீ வேணும்" என்றார்.

நாராயணவனம் தாண்டி ஒருமுறை நின்றது. குழாயை ஊதினேன், கிளம்பியது. பிச்சாட்டூருக்கு அந்தப் பக்கம் மறுபடி நின்றது. டாக்டரம்மா இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நாகலாபுரம் தாண்டி மூன்றாம் முறை நின்றபோது மறுபடி ஸ்பானரை எடுத்துக்கொண்டு குழாயிடம் குனிந்தேன். சின்னப்பன் சும்மா இருக்க முடியாமல், டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு போய் மூடியைத் திருகினார். உஸ் என்று ஒரு சத்தம். "இன்னாங்க இது, உள்ள மூச்சு இழுக்குது" என்றார். நான் குழாயை விட்டுவிட்டு எழுந்து போனேன். அது கம்பெனி மூடி இல்லை. பழையது தொலைந்துபோய், பாத்திரக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பித்தளையில் செய்து வாங்கியது. அருமையான வேலைப்பாடு. ரப்பர் வளையமெல்லாம் போட்டிருந்தது. காற்று நுழைய ஒரு ஊசி ஓட்டை மட்டும் இல்லை. பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று வராவிட்டால், டாங்கி பெட்ரோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நான் குழாயைக் கழற்றும்போதெல்லாம் அந்த வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே போய், இன்னும் ஐந்தாறு மைல் ஓடியிருக்கிறது. என் கைவைத்தியம் இவ்வளவுதான்.

மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டாங்கி வாயில் என் கைக்குட்டையைத் தளர்வாகச் செருகினேன். பிறகு எங்கும் நிற்கவில்லை. டாக்டரம்மா உள்ளே போய் ரொம்ப நேரம் ஆயிற்று. சின்னப்பனும் நானும் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றோம். வழியில் மூன்று தடவை நின்ற நேரத்தை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் குழந்தை அழுதது, மெதுவாகத்தான். அம்மாவுக்கும் ஆபத்தில்லை என்றார்கள். சின்னப்பன் உள்ளே ஓடினார். மறுநாள் முதல் வேலையாக அந்தப் பித்தளை மூடியில் ஓட்டை போட்டேன். ஒரு மாதம் கழித்து சின்னப்பன் வேர்க்கடலை மூட்டையோடு ஷெட்டுக்கு வந்தார். பையன் நன்றாக இருக்கிறான் என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க பேருதான் வெக்கலாம்னு நெனச்சோம். அப்புறம் யோசிச்சா மூடியத் தெறந்தது நான்தானே, அதனால எங்க நைனா பேரே வெச்சுட்டோம்."

ஒரே பையில் இரண்டு மனு

எல்லையைப் பற்றி மனுக் கொடுக்க விரும்புகிறவர்கள் சித்தூருக்கு வரலாம், பெரிய ஆபீசர் வருகிறார், பதினோரு மணிக்குப் பார்ப்பார் என்று செய்தி வந்தது. அன்று காலை ஏழு மணிக்கு நகரி வேலாயுதம் மாஸ்டர், கூட இரண்டு பேரோடு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். வண்டி மூச்சுத் திணறிக்கொண்டு வந்தது. எங்கள் தாலுக்காவை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்பது அவர் மனு. அரை மணி கழித்து வேர்க்கடலை வியாபாரி கிருஷ்ணமநாயுடு, கூட ஒருவரோடு, ஆவி பறக்கும் ரேடியேட்டரோடு வந்தார். ஊர் தாண்டி நாலு மைல் போய்த் திரும்பியிருக்கிறார். எங்கள் தாலுக்கா ஆந்திராவில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் மனு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பத்து வருஷம் பழக்கம். அன்றைக்கு மட்டும் வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை.

மாஸ்டர் வண்டியில் கரண்டைப் பங்கு போடுகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல். புதுசு மதராஸிலிருந்துதான் வர வேண்டும். நாயுடு வண்டி நிற்கும்போது கொதிக்கவில்லை. நான் வேகம் கொடுத்துவிட்டுக் கீழே குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடி ரப்பர் குழாய், அதாவது ஹோஸ், பால் உறிஞ்சும் குழந்தையின் கன்னம் மாதிரிச் சப்பிப்போயிற்று. ஹோஸ் பழசாகி உள்ளே நைந்திருந்தது. வேகமாகப் போனால் தண்ணீர் ஓட்டம் அடைபடும், மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. என்னிடம் அந்த அளவு ஹோஸ் இல்லை. மாஸ்டர் வண்டியில் இருந்தது. மாஸ்டரிடம் எப்படிக் கேட்பது என்று நான் நின்றேன். சங்கரய்யா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கோபமாக இருந்தார், ஆகையால் தமிழ். "ரெண்டு வண்டியில ஒண்ணுதான் ஓடும். ஓடுற வண்டிக்கு ஓடாத வண்டி ஹோஸைக் குடுக்கணும். ஓடாத வண்டிக்காரங்க ஓடுற வண்டியில உக்காரணும். இல்லன்னா ரெண்டு மனுவும் இங்கயே குடுங்க, நான் படிக்கிறேன்." மாஸ்டர் தன் வண்டியின் பானெட்டைத் தூக்கினார். பிறகு, "கழட்டு ஏகாம்பரம்" என்றார்.

அவர்கள் ஐந்து பேர், நான் ஓட்டினேன். கார்வேட்டிநகரம் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மழை இல்லாததைப் பற்றி நாயுடு ஏதோ தெலுங்கில் சொன்னார். மாஸ்டர் நூல் விலையைப் பற்றித் தெலுங்கிலேயே பதில் சொன்னார். நாயுடுவின் மகளுக்கு வரன் பார்ப்பது வரை பேச்சு போயிற்று. அது மட்டும் தமிழில். நான் யார் பக்கம் என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் தங்கை வாழ்க்கைப்பட்டது திருத்தணி. சங்கரய்யா என் கூட்டாளி. கோடு எங்கே விழுந்தாலும் எனக்கு ஒரு பக்கம் வலிக்கும் என்று மட்டும் தெரிந்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். வேர்வையில் காகிதம் நனையக் கூடாது என்று இரண்டு மனுக்களையும் என் தோல் பையில்தான் வைத்திருந்தேன். ஆபீஸ் வாசலில் பையைத் திறந்தபோது நாயுடு குனிந்து, மாஸ்டர் காதில் விழும்படியே சொன்னார்: "பாத்துக் குடுப்பா, மாத்திக் குடுத்துட்டா நாங்க ரெண்டு பேரும் ஊருக்குத் திரும்ப முடியாது."

மூங்கிலடியில் நின்ற கார்

முடிவில் எல்லை தீர்ந்தது. திருத்தணி மதராஸுக்குப் போயிற்று. நகரியும் புத்தூரும் இங்கேயே இருந்தன. சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. மாஸ்டர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு தறி ஓட ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த ஒரே மாற்றம் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவில் சாலைக்குக் குறுக்கே வந்த சோதனைச்சாவடி மூங்கில்.

திருத்தணி போட்டோக்காரர் தணிகாசலம் முகூர்த்தத்துக்குப் படம் எடுக்க நகரிக்கு வந்துகொண்டிருந்தார். அவருடைய கார் ஓடிக்கொண்டிருந்தால் ஓடும், சூட்டில் அணைத்தால் அரை மணி நேரம் கிளம்பாது. அதனால் எங்கும் அணைக்க மாட்டார். மூங்கிலடியில் காவலாளி அணைக்கச் சொன்னார். இவர் முடியாது என்றார். அவர் சட்டம் என்றார். அணைத்தார், அவ்வளவுதான். வண்டி நேர் அடியில் நின்றதால், தூக்கிய மூங்கிலை இறக்கவும் முடியவில்லை. தாலி கட்டும் நேரம் நெருங்கவே, போட்டோக்காரர் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு ஆள் வந்தது. பெட்ரோல் குழாய் வளைந்து, புகைபோக்கிக்குப் போகும் சூடான இரும்பின்மேல் படுத்திருந்தது. சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியைப் பம்பு இழுக்காது. நான் போவதற்குள் எல்லாம் ஆறியிருந்தது, குழாயை இரண்டு விரற்கடை தள்ளி வளைத்தேன். மூன்று நிமிஷ வேலை. கல்யாணத்தில் தாலி கட்டியது படத்தில் இல்லை. அதற்குப் பிறகுள்ளதெல்லாம் இருக்கிறது. நான் கிளம்பும்போது காவலாளி பெருமூச்சோடு தன் நோட்டைக் காட்டினார். "மேல இருந்து கேட்டா இன்னான்னு எழுதுறது? முன் சக்கரம் ஆந்திராவுல, பின் சக்கரம் மதராஸ்ல, அரை நாளா வண்டி ரெண்டுலயும் வரல."

இத்தனை வருஷத்தில் நான் பார்த்த எஞ்சின் கோளாறுகளில் பாதி எஞ்சினுக்கு வெளியேதான் இருந்தன. மீதிப் பாதியை அதைத் தேடுகிறேன் என்று நான்தான் உள்ளே வைத்தேன்.